நாலாவது வால்யூமும் ஒரு மாலை மாற்றலும்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், திருநெல்வேலி.

பஸ்ஸில் திருவனந்தபுரம் போகிறவர்களுக்கு என் முதல் யோசனை: வலது பக்க ஜன்னலோரம் உட்காராதீர்கள். நாகர்கோவில் வரைக்கும் மேற்கு வெயில் கன்னத்தைப் பொசுக்கிவிடும். எங்களுக்குக் கிடைத்தது அந்தப் பக்கம்தான். டிக்கெட் ஆளுக்கு நாற்பத்திரண்டு ரூபாய், தூரம் நூற்றைம்பது கிலோமீட்டர் சொச்சம். நாலு மணி நேரம் என்றார் கண்டக்டர், ஐந்து ஆயிற்று. மடியில் சீர்வரிசைத் தட்டு, காலடியில் பழக்கூடை, பக்கத்தில் என் மனைவி கமலா. திருவனந்தபுரத்தில் இருக்கிற என் அக்கா ராஜிக்கு ஒரே பெண், சுபா. அவளுக்கு மறுநாள் காலையில் கல்யாணம். அக்காவுக்கு உடன்பிறந்தவன் நான் ஒருத்தன்தான்.

மாமன் என்றால் சும்மா சட்டையை மாட்டிக்கொண்டு போய் முதல் பந்தியில் உட்காருகிற வேலை இல்லை. எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் தாலி கட்டுவதற்கு முன்னால் மாலை மாற்றல் உண்டு. பெண்ணை அவளுடைய மாமன் தோளில் தூக்கிக்கொள்ள வேண்டும். மாப்பிள்ளையை அவனுடைய மாமன். இரண்டு மாமன்களும் முன்னால் ஓடுவதும் பின்னால் நழுவுவதுமாக விளையாட்டுக் காட்ட, மேலே இருக்கிற இரண்டு பேரும் எட்டி எட்டி மூன்று தடவை மாலையை மாற்றிக்கொள்வார்கள். கல்யாணத்திலேயே எல்லோரும் வாய்விட்டுச் சிரிக்கிற இடம் அதுதான். மாமனுக்கென்று வைத்திருக்கிற காரியமும் அது ஒன்றுதான்.

ஆனால் பஸ்ஸில் வரும்போது என் மனசு அதில் இல்லை. வேறொன்றில் இருந்தது. சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

நான் இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை பார்க்கிறவன். வயசு நாற்பத்திரண்டு, தலை பாதி காலி. இந்த லட்சணத்தில் நான் சேர்க்கிறது ரீமிக்ஸ் கேசட். சினிமாப் பாட்டுகளை எடுத்து, அடியில் தொம் தொம் என்று தாளம் போட்டு, ஒன்றின் வாலை அடுத்ததின் தலையோடு ஒட்டி, மூச்சுவிடாமல் ஒரு மணி நேரம் ஓடவிடுகிற டான்ஸ் மிக்ஸ். கடைத்தெருவில் கிடைப்பதை யாரும் வாங்கலாம். நான் தேடுவது, வளைகுடாவுக்கு வேலைக்குப் போன நம் ஆட்கள் அங்கேயே கொஞ்சம் பிரதி போட்டு, லீவில் வரும்போது சோப்புக்கும் செண்டுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு வருகிறதை. ஷார்ஜாவில் எவனோ ஒரு புண்ணியவான் ஐந்து வால்யூம் போட்டிருந்தான். ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து என்னிடம் உண்டு. நாலு மட்டும் வருஷக்கணக்காக அகப்படவில்லை.

வீட்டில் இவற்றைப் பக்திப் பாட்டு கேசட்டுகளின் அட்டைக்குள் போட்டு வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் அலமாரியைப் பார்த்து, "அடேயப்பா, சாருக்கு என்ன பக்தி!" என்பார்கள். கமலா சமையலறைக்குள் போய்ச் சிரித்துவிட்டு வருவாள்.

இதைப் பார்த்துச் சிரிக்காத ஒரே ஜீவன் சுபாதான். பள்ளிக்கூட லீவுக்குத் திருநெல்வேலி வரும்போதெல்லாம் கூடத்து நாற்காலிகளை ஓரத்தில் தள்ளிவிட்டு, முதல் வால்யூமைப் போட்டு, நானும் அவளும் ஆடுவோம். எனக்கு ஆட வராது. அவளுக்கும் வராது. போன மாசம் போனில் கல்யாண விஷயமெல்லாம் பேசிவிட்டு, கடைசியில் குரலைத் தாழ்த்தி, "மாமா, பழவங்காடியில ஒரு கடை கண்டுபிடிச்சேன் கேட்டேளா. முன்னால முழுக்க பக்திப் பாட்டு, உள்ள முழுக்க உங்க சரக்காக்கும். நசீர்னு பேரு" என்றாள். அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை.

ஞாயிறு சாயங்காலம், வலியசாலை.

தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி அக்கா வீட்டுக்கு ஆட்டோ பிடித்தோம். எட்டு ரூபாய். நம் ஊர் ஆட்டோ போல பேரம் கிடையாது, மீட்டர் என்ன காட்டுகிறதோ அதுதான். தெரு நெடுக ஒட்டின வீடுகள், கோவில் பக்கத்தில் பந்தல், பந்தலுக்குக் கீழே அக்கா. எங்களைக் கண்டதும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "வந்துட்டியாடா! நீ வந்தப்பறம்தான் எனக்கு ஜீவன் வந்தது" என்றாள்.

சுபா மருதாணிக் கையை விரித்துப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"மாமா, என்னைத் தூக்கிடுவேளா? கல்யாணத்துக்குன்னு கனம் வச்சிருக்கேனாக்கும்."

"தூக்கறதா? உன்னைத் தோள்ல வச்சுண்டு ஆடவே போறேன்."

"நம்ம ஆட்டமா?"

"நம்ம ஆட்டமேதான். மாப்பிள்ளையோட மாமா மூச்சு வாங்கணும்."

"நிஜம்மா பறையறேளா?"

"நிஜம்மாடி."

அவள் புது மனுஷாள் எல்லோரும் இருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றினாள். அவள் அப்பா, என் அத்திம்பேர், தலையில் அடித்துக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை.

திங்கட்கிழமையில் ஏழரையிலிருந்து ஒன்பது வரை ராகு காலம். சாஸ்திரிகள் முதல் நாளே சொல்லிவிட்டார்: ஒன்பதுக்கு மேல் காசி யாத்திரை, ஒன்பதரைக்கு மாலை மாற்றல், அப்புறம் ஊஞ்சல், பத்தரைக்கு மேல் முகூர்த்தம். நான் கணக்குப் போட்டேன். ராகு காலம் முடியும் வரை வீட்டில் ஒரு காரியமும் நடக்காது, மாமனை யாரும் தேடமாட்டார்கள். நல்ல காரியத்துக்கு ஆகாத நேரம் என் காரியத்துக்கு ஆகும். இந்த மாதிரி அபாரமான யோசனை எனக்குத்தான் வரும்.

ஜரிகை வேஷ்டி, நெற்றியில் சந்தனம், தோளில் அங்கவஸ்திரம், அதற்குள் ஒரு சட்டை. "கோவில் வரைக்கும் போயிட்டு வரேன்" என்று கமலாவிடம் சொன்னேன். அதுவும் பொய்யில்லை. பழவங்காடி கணபதி கோவில் வாசலில்தான் ஆட்டோ நின்றது. உள்ளே தேங்காய் உடைக்கிற சத்தம் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. பிள்ளையாருக்கு வெளியிலிருந்தே ஒரு கும்பிடு போட்டுவிட்டு நடந்தேன். கடை அங்கிருந்து கூப்பிடு தூரம்தான். கோவிலுக்கு வருகிற கூட்டத்துக்காகக் காலையிலேயே திறந்துவிடுகிறார்கள்.

நசீருக்கு ஐம்பது வயசிருக்கும். நல்ல தமிழும் நல்ல மலையாளமும் கலந்து பேசினார். நாலாவது வால்யூம் என்றதும் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சார் திருநெல்வேலியோ?"

"ஆமா."

முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. உடனே அதை விழுங்கிவிட்டு, "நாலு இல்ல சாரே. தீர்ந்துபோயி" என்றார்.

அப்போதே திரும்பியிருக்கலாம். திரும்பியிருந்தால் இந்தக் கட்டுரையில் அடைப் பிரதமன் என்கிற பாயசத்தைப் பற்றி நாலு வரி எழுதியிருப்பேன். ஆனால் அவருக்குப் பின்னால், கடையில் பாட்டு ஓடுகிற டேப் ரிக்கார்டருக்குப் பக்கத்தில், ஒரு மஞ்சள் அட்டை தெரிந்தது. பெரிய நாலு. எனக்கு உடம்பெல்லாம் சூடாகிவிட்டது.

"அது?"

"அது கடையில போடறதுக்கு. விற்கறதுக்கில்ல."

"எவ்வளவு வேணும்னாலும் தரேன்."

"பைசா இல்ல சாரே விஷயம். ஞான் ஒரு வாக்கு கொடுத்திருக்கு." தலையைச் சொறிந்தார். "இன்னைக்குக் கல்யாணமல்லே? வேஷ்டி கண்டா மனசிலாகுமே. சார் போ. கல்யாணம் கழிஞ்சு வா."

எவனோ கொச்சிக்காரன் முன்னாலேயே சொல்லி வைத்திருக்கிறான் என்று நான் நினைத்துக்கொண்டேன். சேகரிக்கிறவர்கள் புத்தி அப்படி. உலகத்தில் எல்லோரும் நம் சாமானுக்குத்தான் அலைகிறார்கள் என்று தோன்றும். கெஞ்சினேன். மானம் மரியாதையை எல்லாம் மடித்து வைத்துவிட்டு, சந்தனமும் ஜரிகையுமாக நின்று ஒரு கேசட்டுக்குக் கெஞ்சினேன். சாமி பாட்டு வாங்க வந்த இரண்டு மாமிகள் என்னைப் பார்த்துவிட்டுத் தள்ளி நின்றார்கள். கடைசியில் நசீர் பெருமூச்சு விட்டு அதை எடுத்துக் கொடுத்தார். அறுபது ரூபாய்தான் வாங்கிக்கொண்டார். "என் கையில வாங்கினேன்னு ஆரிடமும் பறையண்டா" என்று மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

வாங்கின கையோடு ஓடியிருக்கலாமே என்பீர்கள். கேசட் சேர்க்கிற எங்கள் கூட்டத்தில் ஒரு சட்டம் உண்டு: இரண்டு பக்கமும் போட்டுக் கேட்காமல் கடையை விட்டு இறங்கக்கூடாது. இந்த ஊர் மழைக்குக் கேசட் நாடாவில் பூஞ்சை பிடிக்கும். மேலே டான்ஸ் அட்டை இருக்கும், உள்ளே பின்பக்கம் யாரோ ஒருவர் பிரசங்கம் பண்ணிக்கொண்டிருப்பார். எனக்கு அப்படி நடந்திருக்கிறது. அதனால் ஒரே ஒரு பாட்டு, அது முடிந்ததும் எழுந்துவிடலாம் என்று ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

ஆனால் இந்த வகை கேசட்டில் பாட்டு முடியாது. அதுதானே அதன் அழகே! ஒன்று முடிகிற மாதிரி இறங்கும், அதற்குள் அடுத்தது கீழேயிருந்து ஏறி வரும். நடுவில் ஒரு நொடி மௌனம் கிடையாது. மனுஷன் எழுந்திருக்க ஒரு இடம் வேண்டாமா? இதோ இது, இதோ இது என்று முதல் பக்கம் முழுக்க ஓடிவிட்டது. இரண்டாவது பக்கத்தைத் திருப்பிப் போட்டது என் கைதான், வேறு யாருடைய கையும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு, முழங்காலில் தாளம் போட்டுக்கொண்டு, சுபாவோடு கூடத்தில் ஆடினதையெல்லாம் நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவளை நினைத்துக்கொண்டேதான் அவளை மறந்திருந்தேன்.

நசீர் வந்து தோளைத் தொட்டு ஹெட்போனைக் கழற்றினார். "சாரே, சமயம் ஒன்பதே முக்கால்" என்றார்.

கேசட்டை வேஷ்டி இடுப்பில் செருகிக்கொண்டு தெருவில் ஓடினேன். ஆட்டோ டிரைவர் வள்ளியூர்க்காரர். கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"சார் மாப்பிள்ளையா?"

"இல்லைப்பா. பொண்ணுக்கு மாமன்."

"தாய்மாமனா? அப்போ இங்க என்ன சார் செய்யுதீங்க?"

"சீக்கிரம் போப்பா" என்றேன். சாலையில் லாரி ஒன்று மூட்டை இறக்கிக்கொண்டிருந்தது. அவர் ஹாரனை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, எனக்காக அந்த லாரிக்காரனைத் தமிழிலும் மலையாளத்திலும் திட்டினார்.

வலியசாலைத் தெரு முனையில் திரும்பும்போதே பெண்கள் சேர்ந்து பாடுகிற சத்தம் கேட்டது. ஊஞ்சல் பாட்டு. மாலை மாற்றினதற்கு அப்புறம்தான் ஊஞ்சல். ஆட்டோ நிற்பதற்கு முன்பே குதித்து இறங்கினேன்.

பந்தலுக்குள் சுபாவும் மாப்பிள்ளையும் ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேர் கழுத்திலும் மாலை மாறியிருந்தது. மாப்பிள்ளையின் மாமா வேர்வையைத் துடைத்துக்கொண்டு எல்லோரோடும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் சமையல் கோஷ்டியில் பரிமாறுகிற வெங்கிட்டு நின்றிருந்தான். ஆள் கட்டுமஸ்தாக இருப்பான். அவன் தோளில் பூவிதழ் ஒட்டியிருந்தது, இடுப்புத் துண்டில் சாம்பார் கறை. அதைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

சுபா கூட்டத்துக்கு நடுவில் என்னைக் கண்டுபிடித்துவிட்டாள். கோபம் ஒன்றும் இல்லை. அப்பாடா, வந்துவிட்டார் என்கிற முகம். அதற்குப் பதில் அவள் ஒரு செருப்பை எடுத்து வீசியிருக்கலாம்.

கமலா என் முழங்கையைப் பிடித்துத் தூணுக்குப் பின்னால் இழுத்தாள்.

"வாயைத் திறக்காதேள். உங்களுக்கு வயத்தைக் கலக்கறதுன்னு அக்கா எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கா. தெரு முழுக்க ஆள் விட்டுத் தேடியாச்சு. சாஸ்திரிகள் நேரம் போறது, நேரம் போறதுன்னு பறக்கறார். பிள்ளையாத்துக்காரா மொகம் சுருங்கிப்போச்சு. கடைசில அக்காதான் அடுக்களைக்குள்ள போய் வெங்கிட்டு கையைப் பிடிச்சு இழுத்துண்டு வந்தா. தேங்காய் துருவிண்டிருந்தான், பாவம், கையைக்கூட அலம்பலை."

அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். தாலி கட்டி முடிந்த பிறகு என் பக்கம் வந்து, "சாப்பிட்டுட்டுப் போடா" என்றாள். அவ்வளவுதான். முதல் நாள் "நீ வந்தப்பறம்தான் ஜீவன் வந்தது" என்றவள், இப்போது என் முகத்தைப் பார்க்காமல் பக்கத்துத் தூணைப் பார்த்துப் பேசினாள்.

மத்தியானம், பந்தி.

திருவனந்தபுரத்துக் கல்யாணச் சாப்பாட்டைப் பற்றி வாசகர்களுக்கு விரிவாகச் சொல்ல ஆசைதான். அவியல், ஓலன், எரிசேரி, நாலு வகைப் பிரதமன் என்று மற்றவர்கள் சொல்லக் கேட்டேன். என் இலையில் விழுந்தது ரசம் சாதமும் மோரும்தான். வயிறு கலங்கின ஆளுக்கு வேறென்ன போடுவார்கள்? மாப்பிள்ளையின் மாமா என் பக்கத்திலேயே உட்கார்ந்து, "இப்போ எப்படி இருக்கு? பிரயாணத்துல வெளித் தண்ணி குடிச்சிருப்பேள்" என்று அக்கறையாக விசாரித்தார். அவருடைய சம்சாரம் எங்கிருந்தோ சுக்குக் கஷாயம் போட்டு எடுத்து வந்தாள். எல்லோர் முன்னாலும் அதை ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தேன்.

அடைப் பிரதமனோடு வந்தது வெங்கிட்டு. என் இலைக்கு முன்னால் வந்ததும் கரண்டியை மேலே தூக்கிக்கொண்டு, "மாமாவுக்கு வேண்டாம், இன்னைக்கு ஒரு நாள் பொறுத்துக்கோங்கோ" என்று பிரியமாகச் சொல்லிவிட்டு அடுத்த இலைக்குப் போனான். அவன் தோளில் அந்தப் பூவிதழ் இன்னும் இருந்தது. நான் இலையை மூடினேன்.

குனிந்து எழும்போதெல்லாம் கேசட்டின் முனை இடுப்பில் குத்திக்கொண்டே இருந்தது.

சாயங்காலம்.

எங்களுக்கு நாலரை மணி பஸ். புறப்படுகிற நேரத்தில் சுபா என்னைத் தனியாகக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டாள். மஞ்சள் கயிறு கழுத்தில் புதுசாக இருந்தது. நான் எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று வழியெல்லாம் வார்த்தை சேர்த்துக்கொண்டு போனேன். அவள் முந்திக்கொண்டாள்.

"மாமா, வயத்துவலி ஒண்ணும் இல்லைதானே? பழவங்காடிக்குப் போனேளா?"

"போனேன்."

"கிடைச்சுதா?"

அந்த ஒரு நொடியில் நான் சொன்னதற்கு எனக்கு இன்று வரை காரணம் தெரியவில்லை. ஒரு கேசட்டை வாங்கிவிட்டு, அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. போனேன், கிடைக்கவில்லை என்றால் கொஞ்சமாவது பாவமாக இருக்கும் என்று நினைத்தேனோ என்னவோ.

"இல்லைம்மா. நாலு இல்லைன்னுட்டார்."

சுபா கையைத் தட்டினாள். "அப்பாடா! நசீர் வாக்கைக் காப்பாத்திட்டார்!"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் புடவைத் தலைப்புக்குள்ளிருந்து கலர்க் காகிதம் சுற்றின ஒன்றை எடுத்து என் கையில் வைத்தாள். பிரிக்காமலே தெரிந்தது. அந்த நீளம், அந்த அகலம், அந்தக் கனம் எனக்குத் தெரியாதா?

"உங்ககிட்ட போன்ல சொன்னேனில்லையா, அதுக்கு மறு வாரமே இது வந்துது. நான் வாங்கி வச்சுட்டேன். மாமா வந்து கேட்டா இல்லைன்னு பறையணும்னு நசீர்கிட்ட சத்தியம் வாங்கிண்டேன். நீங்க என்னைத் தோள்லேர்ந்து இறக்கி விட்டதும், அங்கேயே, எல்லார் முன்னாலயும் குடுக்கணும்னு இருந்தேன்." சிரித்துக்கொண்டே வந்தவள் குரல் சட்டென்று இறங்கியது. "என் தப்புதான் மாமா. அவர் இல்லைன்னதும் நீங்க சாலை முழுக்க ஒவ்வொரு கடையா அலைஞ்சிருப்பேள். நான் அப்படிச் சொல்லச் சொல்லாம இருந்திருந்தா, நீங்க வாங்கிண்டு அப்பவே வந்திருப்பேள். அம்மாகிட்டயும் சொல்லிட்டேன், மாமாவைக் கோவிச்சுக்காதே, எல்லாம் என்னாலயாக்கும்னு."

இப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று. வாயைத் திறந்தேன். உள்ளேயிருந்து யாரோ "சுபா, நலங்குக்கு நேரமாச்சு!" என்று கூப்பிட்டார்கள். அவள் குனிந்து என் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு ஓடிவிட்டாள். கூப்பிட்டு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. அதைவிடக் கேவலம், எனக்கு அப்போது ஆசுவாசமாக இருந்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் இடது பக்கம் இடம் கிடைத்தது. நெய்யாற்றின்கரை தாண்டும் வரைக்கும் கமலா சுபாவின் காகிதப் பொட்டலத்தைத் தன் மடியிலேயே வைத்திருந்தாள். இன்னொன்று என் பைக்குள், ஜரிகை வேஷ்டியின் மடிப்பில் இருந்தது. இதை ஊரில் பக்திப் பாட்டு அட்டைக்குள் போட்டுவிடலாம், சுபா கொடுத்ததை எங்கே வைப்பது என்று யோசித்துக்கொண்டு வந்தேன்.

"வெங்கிட்டுகிட்ட கேட்டேன்" என்றாள் கமலா, திடீரென்று.

"என்ன கேட்டே?"

"கொழந்தை ரொம்பக் கனமா இருந்தாளான்னு. கனமே இல்லை மாமி, இன்னும் கொஞ்ச நேரம்கூட வச்சுண்டிருப்பேன்னான். அவ மட்டும் வாசல் பக்கமே பார்த்துண்டிருந்தாளாம். மாலையைப் போடறதுக்கே, இந்தப் பக்கம் திரும்பும்மான்னு சொல்ல வேண்டியிருந்துதாம்."

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். அந்த நாலாவது வால்யூமில் எந்தப் பாட்டு எதோடு ஒட்டுகிறது என்று எனக்குத் தலைகீழாகத் தெரியும். சுபாவைத் தூக்கினால் எவ்வளவு கனம் இருப்பாள் என்று வெங்கிட்டுவுக்குத் தெரியும்.

களியக்காவிளையில் பஸ் நின்றது. எல்லோரும் டீ குடிக்க இறங்கினார்கள். கமலா, "நீங்க காலையிலேர்ந்து ஒண்ணும் சரியாச் சாப்பிடலை. இறங்கி ஏதாவது சாப்பிடறேளா?" என்று கேட்டாள்.

"வேண்டாம்" என்றேன். "வயிறு சரியில்லை."